ஸ்கூபா கம்ப்ரெசரில் வால்வு ஜாம் ஆனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலுக்குள் முழுகுபவர்களின் சிலிண்டரில் மூச்சுக்காற்றை நிரப்பும், எடுத்துச் செல்லக்கூடிய சிறிய ஸ்கூபா கம்ப்ரெசர் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். வால்வு ஊதுகிறது, வால்வு திறக்கவில்லை, அழுத்தம் ஏறவில்லை, ஏறினால் நிற்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் வேறு அளவு எழுதியிருந்தால் கையேட்டைத்தான் நம்ப வேண்டும்.

"பிரஷர் வால்வு மாட்டிக்கிச்சு"ன்னு சொல்றாங்களே, அது எந்த வால்வு?

இதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள். சின்ன கம்ப்ரெசரிலேயே நான்கு வகை வால்வுகள் உண்டு. காற்றைப் படிப்படியாக அமுக்கும் ஒவ்வொரு ஸ்டேஜின் தலைக்குள்ளும் காற்றை இழுக்கவும் தள்ளவும் மெல்லிய தகட்டு வால்வுகள் இருக்கும். ஸ்டேஜ்களுக்கு நடுவிலும் கடைசியிலும் சேஃப்டி வால்வுகள். தண்ணீர் பிரிக்கும் கூட்டின் அடியில் டிரெயின் வால்வு. நான்காவது, காற்றைச் சுத்தப்படுத்தும் பில்டர் டவருக்கும் சிலிண்டருக்குப் போகும் ஹோஸுக்கும் இடையில் உட்கார்ந்திருக்கும் பிரஷர் மெயின்டெய்னிங் வால்வு. இதை இனி பிஎம்வி என்றே சொல்கிறேன்.

பிஎம்வியின் வேலை, டவருக்குள் அழுத்தம் ஒரு அளவை எட்டும்வரை காற்றை வெளியே விடாமல் பிடித்து வைப்பது. அந்த அளவு இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும்; 100 முதல் 150 பார் (அழுத்தத்தின் அலகு) வரை வைத்திருப்பதைப் பரவலாகப் பார்க்கலாம். பெரும்பாலும் இதனுடனேயே ஒருவழி வால்வும் சேர்ந்திருக்கும், சிலிண்டரில் இருக்கும் காற்று திரும்பி வராமல் தடுக்க. "பிரஷர் வால்வு ஜாம்" என்று என்னிடம் வரும் புகார்களில் சுற்றிச் சுற்றி அகப்படுவது இந்த பிஎம்வியும் சேஃப்டி வால்வும்தான்.

ஜாம் ஆயிடுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வால்வு இரண்டு விதமாக ஜாம் ஆகும். திறந்தபடி நின்றுவிடலாம், மூடியபடி நின்றுவிடலாம். திறந்தபடி நின்றால் சத்தம் காட்டிக்கொடுக்கும்: இடைவிடாத சீறல், ஏறாத கேஜ், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் எடுக்கும் நிரப்பல். நேரத்தைக் கணக்கிட்டு வைத்துக்கொள்வது நல்லது. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் உள்ளே சுமார் 2400 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 100 லிட்டர் தரும் இயந்திரம் காலி சிலிண்டரை நிரப்ப 24 நிமிடம் ஆகும். 50 பார் மிச்சமிருந்தால் 18 நிமிடம். அது 35 நிமிடமாகிறது என்றால் காற்று எங்கோ வழிகிறது.

மூடியபடி நின்றதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் அது சத்தம் போடாது. சேஃப்டி வால்வு மூடியபடி இறுகிப்போயிருந்தால், அது திறக்க வேண்டிய நாள் வரும்வரை எல்லாம் நன்றாக இருப்பது போலவே தெரியும். எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான்.

ஓடிக்கிட்டிருக்கும்போதே லேசா தட்டினா விட்டுடாதா?

விட்டாலும் விடலாம். அதனால்தான் பலர் அதைச் செய்கிறார்கள். ஆனால் உள்ளே 200 பார், அதாவது சுமார் 2900 பிஎஸ்ஐ இருக்கும்போது பித்தளை உடம்பைத் தட்டினால், தளர்வது வால்வு ஊசியா அல்லது விரிசல் விட்டிருந்த மரையா என்று உங்களுக்குத் தெரியாது. தட்டவே கூடாது, திருகவும் கூடாது.

முதலில் மோட்டாரை அல்லது இன்ஜினை நிறுத்துங்கள். சிலிண்டர் வால்வை மூடுங்கள். ஹோஸில் இருக்கும் காற்றை அதன் ஊது துளை வழியே வெளியேற்றுங்கள். அப்புறம் எல்லா டிரெயின்களையும் மெதுவாகத் திறந்து, சீறல் முழுவதும் அடங்கும்வரை காத்திருங்கள். பெட்ரோல் இன்ஜின் என்றால் ஸ்பார்க் பிளக் ஒயரையும், மின்சாரம் என்றால் பிளக்கையும் கழற்றி வைத்துவிடுங்கள். இயந்திரம் கை பொறுக்கும் அளவுக்கு ஆறட்டும். இதை இனி "முழுசாக இறக்குவது" என்று சொல்வேன். கீழே உள்ள எல்லா வேலைக்கும் இதுதான் முதல் படி.

கேஜ் ஜீரோ காட்டுதே, அப்புறம் என்ன பயம்?

கேஜ் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நிறைய சிறிய இயந்திரங்களில் ஒரே ஒரு கேஜ்தான், அதுவும் பிஎம்விக்குப் பின்னால் ஹோஸ் பக்கம். பிஎம்வி மூடியபடி ஜாம் ஆகியிருந்தால் ஹோஸில் ஜீரோ, டவரில் 200. கேஜ் பொய் சொல்லவில்லை. அது பார்க்கும் இடம் வேறு.

இன்னொன்றும் உண்டு. 400 பார் வரை காட்டும் கேஜில் 5 பார் என்பது முள்ளின் தடிமன் அளவுகூட நகராது. ஆனால் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள பில்டர் மூடியின் மேல் அந்த 5 பார் ஏறக்குறைய 100 கிலோ எடையாகத் தள்ளும். 200 பாரில் அது 4 டன். ஆகவே ஒரு எளிய விதி: சரியாகப் பராமரித்த பில்டர் மூடி, உள்ளே அழுத்தம் இல்லாதபோது கையால் திருகினாலே சுழலும். சுழலவில்லை என்றால் மரை இறுகியிருக்கிறது என்று நினைக்காதீர்கள், உள்ளே காற்று இருக்கிறது என்று நினையுங்கள். பட்டையைச் சுற்றியோ நீளமான ஸ்பேனர் போட்டோ அதைத் திறக்க முயல வேண்டாம். திரும்பிப் போய் டிரெயினைப் பாருங்கள்.

சேஃப்டி வால்வு 180 பார்லயே ஊத ஆரம்பிக்குது. வால்வு போச்சா?

போயிருக்கலாம், ஆனால் முதலில் கேஜைச் சந்தேகப்படுங்கள். 200 பார் இயந்திரத்தில் கடைசி சேஃப்டி வால்வு 225 பார் அளவிலும், 300 பார் இயந்திரத்தில் 330 அளவிலும் திறக்குமாறு வைக்கப்படுவது வழக்கம். உங்கள் கேஜ் 40 பார் குறைவாகக் காட்டினால், உண்மையில் 220ஐத் தொட்டதும் வால்வு தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, நீங்கள் அதைக் குறை சொல்கிறீர்கள். அழுத்தம் இல்லாதபோது முள் ஜீரோவில் நிற்கிறதா என்று பாருங்கள். நிரப்பிய சிலிண்டரை நம்பகமான வேறொரு கேஜில் வைத்து ஒப்பிடுங்கள்.

கேஜ் சரி என்றால் வால்வின் இருக்கையில் தூசியோ, பில்டரிலிருந்து வந்த மாவோ, உப்போ ஒட்டியிருக்கலாம். ஒருமுறை திறந்த வால்வு சரியாக உட்காராமல் கசிந்துகொண்டே இருப்பதும் இதனால்தான். சில மாடல்களில் கையால் திருகி வால்வை ஊதவைக்கும் வசதி இருக்கும்; கையேடு அனுமதித்தால், துளைக்கு நேரே முகமோ கையோ இல்லாமல், காதுக்கு மூடி போட்டுக்கொண்டு, ஓரிரு முறை ஊதவிட்டால் தூசி பறந்துவிடும். அதற்கும் அடங்கவில்லை என்றால் புது வால்வு. கடைசி சேஃப்டி வால்வை நான் பிரித்துச் சரிசெய்வதில்லை, மாற்றிவிடுவேன். மாற்றும்போது மரை பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்காமல், உடம்பில் பொறித்திருக்கும் திறப்பு அழுத்தத்தையும் சரிபாருங்கள்.

மேல இருக்கிற ஸ்க்ரூவைக் கொஞ்சம் இறுக்கினேன், ஊதுறது நின்னுடுச்சு. ஓகேதானே?

இல்லை. இந்தப் பக்கத்திலேயே நான் மிகவும் கவலையோடு எழுதும் பதில் இதுதான். அந்த ஸ்க்ரூவுக்கு மேல் ஈய முத்திரையோ கம்பியோ வண்ணப் பூச்சோ வைத்திருப்பது, அது ஒருமுறை சோதித்து வைத்த அளவு என்பதற்காக. அரைச் சுற்று இறுக்கினால் எத்தனை பார் கூடியது என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ஸ்பிரிங் முழுவதும் அமுங்கி சுருளோடு சுருள் ஒட்டிவிட்டால் அந்த வால்வு எந்த அழுத்தத்திலும் திறக்காது. அப்போது அது வெறும் அடைப்பான்.

அதன் பின்னால் இருப்பவை சிலிண்டர் மட்டுமல்ல. பில்டர் டவரில் அழுத்தம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் உலோகம் கொஞ்சம் களைக்கிறது. அதற்கென்று கையேட்டில் ஆயுள் எண்ணிக்கை தருகிறார்கள். ஹோஸ், கூலிங் பைப், கேஜ் எல்லாம் ஒரு அளவுக்குத்தான் செய்யப்பட்டிருக்கின்றன. இவற்றில் எது முதலில் விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்க்ரூவைத் திருகியிருந்தால் பழைய இடத்துக்குத் திருப்பி வைக்க முயலாமல் வால்வையே மாற்றுங்கள். சேஃப்டி வால்வுக்கு முன்னால் குழாயில் ஒரு அடைப்பு வால்வைப் பொருத்துவது, துளையில் போல்ட் போடுவது இவை இரண்டும் இதே தவறின் வேறு வடிவங்கள்.

சிலிண்டர்ல 60 பார்தான் ஏறியிருக்கு. ஆனா கடைசி சேஃப்டி வால்வு படார்னு திறக்குது. குழப்பமா இருக்கு.

கேஜ் இருக்கும் இடத்தைப் பற்றி மேலே சொன்னதை நினைவில் வையுங்கள், குழப்பம் தீரும். பெரும்பாலான சிறிய இயந்திரங்களில் கடைசி சேஃப்டி வால்வு பிஎம்விக்கு முன்னால் இருக்கும், கேஜ் பின்னால் இருக்கும். நடுவில் வழி அடைத்தால் முன்னால் 225, பின்னால் 60. சேஃப்டி வால்வு சரியாகவே வேலை செய்கிறது. குற்றவாளி நடுவில் இருக்கிறது.

முதலில் எளிய காரணங்களைப் பாருங்கள்: சிலிண்டர் வால்வு பாதிதான் திறந்திருக்கிறதா, ஹோஸ் முனையின் நிரப்பு வால்வு முழுவதும் திறந்திருக்கிறதா. அப்புறம் பில்டர் கார்ட்ரிட்ஜ், அதாவது டவருக்குள் வைக்கும் மாற்றக்கூடிய வடிகட்டி. ஈரமாகிப் பொடிந்த கார்ட்ரிட்ஜ் வெளிவாயை அடைத்துவிடும். இவை எல்லாம் சரி என்றால் பிஎம்வியின் பிஸ்டன் மூடியபடி இறுகியிருக்கிறது.

என்னோட மெஷின் ஸ்டார்ட் பண்ணின உடனே கேஜ் ஏற ஆரம்பிச்சுடும். அது நல்லதுதானே?

நல்லதில்லை. நிரப்பு வால்வு மூடியிருக்கும்போது, டவர் அழுத்தம் பிஎம்வியின் அளவைத் தொடும்வரை ஹோஸ் பக்கத்துக் கேஜ் அசையவே கூடாது. அப்புறம் ஒரே தாவாக மேலே போக வேண்டும். ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள டவரில் 150 பார் ஏற்ற, நிமிடத்துக்கு 100 லிட்டர் தரும் இயந்திரத்துக்கு ஒன்றரை நிமிடம் ஆகும். அந்த மௌனம் இல்லாமல் முதல் நொடியிலிருந்தே முள் மெல்ல ஏறினால் பிஎம்வி திறந்தபடி நிற்கிறது.

சிலிண்டர் அப்போதும் நிரம்பும், அதனால் யாரும் இதைக் கண்டுகொள்வதில்லை. பாதிப்பு காற்றின் ஈரத்தில் இருக்கிறது. ஒரு கன மீட்டர் இடத்தில் எவ்வளவு நீராவி நிற்கும் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது, அழுத்தம் அதைப் பெரிதாக மாற்றாது. 40 டிகிரி செல்சியஸில் அது சுமார் 51 கிராம். அதே இடத்தில் 150 மடங்கு காற்றை அடைத்தால் அந்த 51 கிராம் 150 கன மீட்டர் காற்றுக்குப் பங்காகும், மீதித் தண்ணீர் துளிகளாகப் பிரிந்து டிரெயினுக்குப் போகும். 50 பாரில் ஓடினால் 50 கன மீட்டருக்குத்தான் பங்கு. அதாவது பில்டருக்குள் மூன்று மடங்கு ஈரம் போகிறது.

ஈரம் முதலில், பில்டருக்குள் ஈரத்தை உறிஞ்ச வைத்திருக்கும் மாலிக்யூலர் சீவை நிரப்பும். அது நிறைந்ததும் கரியும், கார்பன் மோனாக்சைடைப் பிடிக்கும் ஹாப்கலைட் இருந்தால் அதுவும் கெடும். ஹாப்கலைட் நனைந்தால் வேலை செய்யாது. ஜாம் ஆன ஒரு சின்ன ஸ்பிரிங் கடைசியில் மூச்சுக்காற்றில் போய் முடிவதால்தான் இதை விட்டுவைக்க வேண்டாம் என்கிறேன்.

முதல் ஸ்டேஜ் பக்கத்துல இருக்கிற சின்ன வால்வு ஊதுது. புதுசு போட்டும் ஊதுது!

என் இயந்திரத்திலும் இதேதான் நடந்தது. இரண்டு முறை வால்வை மாற்றினேன். பழுது பார்த்தவர் ஒருவர் "வால்வுதான்" என்று உறுதியாகச் சொன்னார், நானும் நம்பினேன். மூன்றாவது முறை அடுத்த ஸ்டேஜின் தலையைத் திறந்தபோதுதான் தெரிந்தது: இழுக்கும் வால்வின் தகட்டில் மயிரிழை போல ஒரு விரிசல்.

மூன்று ஸ்டேஜ் இயந்திரத்தில் 200 பாரைச் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொரு ஸ்டேஜும் ஏறக்குறைய 6 மடங்கு அமுக்கும்: முதலில் 6 பார், பிறகு 35, கடைசியில் 200. உண்மையான எண்கள் கொஞ்சம் மாறும், படிகள் இப்படித்தான். இரண்டாம் ஸ்டேஜின் இழுக்கும் வால்வு சரியாக மூடவில்லை என்றால், 35 பார் காற்று 6 பார் குழாய்க்குள் திரும்பித் தள்ளும். நடுவில் இருக்கும் சேஃப்டி வால்வு திறக்காமல் என்ன செய்யும்? ஆக, எந்த வால்வு ஊதுகிறதோ அதற்கு அடுத்த ஸ்டேஜில் தேடுங்கள்.

இரண்டு அடையாளங்கள் உதவும். சிலிண்டர் அழுத்தம் ஏற ஏற ஊதுவதும் அதிகமானால், பின்னோக்கிக் கசிகிறது என்று பொருள். சிலிண்டர் காலியாக இருக்கும்போதே ஊதினால், அடுத்த ஸ்டேஜ் காற்றை வாங்கிக்கொள்ளவே இல்லை: அதன் வால்வு மூடியபடி ஒட்டியிருக்கலாம், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், நடுவிலிருக்கும் கூலிங் பைப் அடைத்திருக்கலாம். பின்னோக்கிக் கசியும் ஸ்டேஜுக்குள் நுழையும் குழாய் வழக்கத்தைவிட அதிகமாகச் சுடும். அதைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், அகச்சிவப்பு வெப்பமானி போதும்.

டிரெயின் வால்வு திறக்கவே மாட்டேங்குது. அப்படியே ஓட்டலாமா?

ஓட்டக்கூடாது. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் ஒரு கன மீட்டருக்கு சுமார் 24 கிராம் தண்ணீர் இருக்கும். ஒரு 12 லிட்டர் சிலிண்டரை நிரப்ப இயந்திரம் விழுங்கும் தண்ணீர் 58 கிராம், ஏறக்குறைய நான்கு மேசைக்கரண்டி. வெளியே போக வழியில்லாத தண்ணீர் அடுத்த ஸ்டேஜுக்குள்ளும் பில்டருக்குள்ளும் போகும். தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டன் அதன்மேல் மோதினால் தகட்டு வால்வுகள் உடையும். பொதுவாக 10 முதல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை டிரெயின் செய்யச் சொல்வார்கள். ஈரமான நாளில் இன்னும் சீக்கிரம் செய்வது நல்லது.

டிரெயின் இறுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் எண்ணெயும் தண்ணீரும் கலந்த பால் போன்ற கலவை உள்ளே காய்ந்து பிசினாவதுதான். இன்னொரு காரணம் நாமே: கசிகிறதே என்று ஒவ்வொரு முறையும் அதிக பலத்தோடு மூடுவோம், ஊசி முனை இருக்கையில் பதிந்துவிடும். விரல் பலத்துக்கு மேல் தேவைப்பட்டால் ஊசியும் இருக்கையும் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது.

பிஎம்வியைக் கழற்றினேன். உள்ள பச்சையும் வெள்ளையுமா இருக்கு. எப்படிச் சுத்தம் பண்றது?

முழுசாக இறக்கிவிட்டுத்தான் கழற்றியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். பச்சையாக இருப்பது பித்தளையில் பிடித்த களிம்பு. வெள்ளையாகப் பூத்திருப்பது அலுமினியம் அரித்தது, அல்லது கடல் உப்பு, அல்லது கார்ட்ரிட்ஜிலிருந்து வந்த சீவ் மாவு. எது என்று பார்ப்பது முக்கியம். விரலில் தேய்த்தால் மணல் போல நெருடி, தண்ணீரிலும் கரையாவிட்டால் சீவ் மாவாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் கார்ட்ரிட்ஜ் உடைந்திருக்கிறது. வால்வை மட்டும் சுத்தம் செய்தால் அடுத்த வாரம் மீண்டும் ஜாம் ஆகும்.

கழற்றும் முன் ஸ்க்ரூ எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது என்று அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய வரிசையில் துணி மேல் அடுக்கிப் படம் எடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் மணமில்லாத பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, நைலான் பிரஷ், அதுவே பெரும்பாலான அழுக்குக்குப் போதும். பித்தளைக் களிம்புக்கு வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து சில நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் நன்றாக அலசுங்கள். அலுமினியப் பாகங்களை அதில் போடாதீர்கள். கம்பி பிரஷும் உப்புத்தாளும் வேண்டவே வேண்டாம். பிஸ்டன் வழுக்கும் பரப்பில் ஒரு கீறல் விழுந்தால் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் அங்கேதான் முதலில் கிழியும்.

முழுவதும் உலர்ந்த பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியில் இருக்கையைப் பாருங்கள். வட்டமாக ஒரே சீரான பளபளப்புக் கோடு தெரிந்தால் சரி. பள்ளமோ குழியோ தெரிந்தால் சுத்தம் செய்து பயனில்லை, பாகத்தை மாற்றுங்கள். ஸ்பிரிங்கில் துருப்புள்ளி இருந்தாலும் அப்படியே.

துரு விடுவிக்கிற ஸ்ப்ரே அடிச்சா ஈஸியா வருமே?

வரும், பின்னால் அதை நீங்கள்தான் மூச்சில் இழுப்பீர்கள். அந்த ஸ்ப்ரேக்கள் பெட்ரோலிய கரைப்பான்கள். உயர் அழுத்தத்தில் சூடாகும் காற்றில் அவை ஆவியாகி, சிலிண்டருக்குள் போகும். ஓ-ரிங்கையும் உப்ப வைக்கும், அதுவே அடுத்த ஜாமுக்குக் காரணமாகும். மூச்சுக்காற்றுக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட கிரீஸை, ஓ-ரிங் மினுமினுக்கும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். கண்ணுக்குக் கட்டியாகத் தெரிந்தால் அது அதிகம்.

ஓ-ரிங் சைஸ் மட்டும் சரியா இருந்தா போதுமா?

சைஸ் பாதி, கடினம் மீதி. சாதாரணமாகக் கிடைக்கும் நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங், கடினத்தை அளக்கும் ஷோர் அளவில் 70. உயர் அழுத்தத்தில் அது இடைவெளிக்குள் பிதுங்கி நறுக்கப்படும். இத்தகைய இடங்களில் 90 கடினமுள்ளதை வைப்பது வழக்கம். அழுத்தம் சட்டென்று இறங்கும்போது ரப்பருக்குள் புகுந்திருந்த காற்று விரிந்து, உள்ளிருந்தே கொப்புளமும் வெடிப்பும் உண்டாக்கும். டிரெயினை மெதுவாகத் திறக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

எல்லாம் மாட்டியாச்சு. சரியா இருக்கான்னு எப்படிச் சோதிக்கிறது?

சிலிண்டர் இணைக்காமல் தொடங்குங்கள். டிரெயின்களைத் திறந்து வைத்து இயந்திரத்தை ஓட்டி, பாரமில்லாமல் சீராகச் சுழல்கிறதா என்று கேளுங்கள். பிறகு டிரெயின்களை மூடி, நிரப்பு வால்வையும் மூடி, மேலே சொன்ன அந்த மௌனத்தையும் தாவலையும் கவனியுங்கள். முள் தாவி நிற்கும் இடம்தான் உங்கள் பிஎம்வியின் அளவு. கையேட்டின் எண்ணோடு ஒப்பிட்டு, அனுமதி இருந்தால் மட்டும் சிறிது சிறிதாகத் திருத்துங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்னால் அழுத்தத்தை இறக்குங்கள்.

அப்படியே விட்டால் அழுத்தம் ஏறி சேஃப்டி வால்வு திறக்க வேண்டும். பக்கவாட்டில் தள்ளி நின்று, கை நிறுத்தும் பொத்தானில் இருக்கட்டும். பொறித்த எண்ணைத் தாண்டியும் திறக்கவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். திறந்தால், நிறுத்தி, அழுத்தம் இறங்கியதும் அது சீறல் இல்லாமல் மூடுகிறதா என்று பாருங்கள். மிச்சக் கசிவுகளுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். தானாக நிறுத்தும் பிரஷர் சுவிட்ச் இருக்கிறதே என்று இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள், சுவிட்சும் ஜாம் ஆகும்.

வெயில் நேரத்துல மட்டும் ஜாம் ஆகுது, காலைல நல்லா ஓடுது. ஏன்?

சூட்டில் ஓ-ரிங் விரியும், பிசின் இளகி ஒட்டும், பித்தளை பிஸ்டனும் அது ஓடும் கூடும் ஒரே அளவில் விரியாது. ஏற்கனவே இறுக்கமாக இருந்த வால்வுக்கு அந்தக் கொஞ்சமே போதும். ஆகவே வெயிலைக் குறை சொல்லாமல் வால்வைச் சுத்தம் செய்யுங்கள். கூலிங் பைப்புக்கு நடுவே சேர்ந்த அழுக்கையும் எடுங்கள், விசிறிக் காற்று சுவரில் மோதித் திரும்பாதபடி இயந்திரத்தை வையுங்கள். ஓட்டத்தில் எரிந்த எண்ணெய் வாசனை வந்தால் நிரப்புவதை அங்கேயே நிறுத்த வேண்டும்.

200 பார் வரைக்கும் நிரப்பினேன், ஆறினதும் 180தான். சேஃப்டி வால்வு சீக்கிரம் திறக்கிறதாலயா?

இல்லை, இது சூட்டின் கணக்கு. 50 டிகிரியில் 200 பார் இருந்த சிலிண்டர் 20 டிகிரிக்கு ஆறினால் சுமார் 181 பார் காட்டும். காற்று எங்கும் போகவில்லை. இதை ஈடுசெய்யத்தான் சிலர் சேஃப்டி வால்வு ஸ்க்ரூவைத் தொடுகிறார்கள். மெதுவாக நிரப்புங்கள், ஆறவிட்டு மீண்டும் கொஞ்சம் ஏற்றுங்கள்.

ஜாம் ஆன வால்வோட ஏற்கனவே நிரப்பின சிலிண்டர் ஒண்ணு இருக்கு. அதை வெச்சு முழுகலாமா?

முழுக வேண்டாம். பிஎம்வி திறந்தபடி நின்றிருந்தால் பில்டர் சரியாக வேலை செய்ததா என்று தெரியாது. தகட்டு வால்வு கசிந்திருந்தால் ஸ்டேஜ் அளவுக்கு மீறிச் சூடாகி எண்ணெய் கருகியிருக்கலாம். கருகும் எண்ணெயிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனை இல்லை. மூச்சுக்காற்றுக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 12021-இன் 2014 பதிப்பு அதை 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5 பங்கு) என்ற அளவுக்குள் கட்டுப்படுத்துகிறது. 20 மீட்டர் ஆழத்தில் சுற்றுப்புற அழுத்தம் 3 பார், ஆக அந்த வாயுவின் பகுதி அழுத்தமும் மேற்பரப்பில் இருப்பதைவிட 3 மடங்காகும். சோதிக்கும் கருவி இருந்தால் அளந்து பாருங்கள். எதுவாக இருந்தாலும் சந்தேகமுள்ள சிலிண்டரை மெதுவாகக் காலி செய்து, உள்ளே ஈரமோ எண்ணெயோ இருக்கிறதா என்று பார்க்கக் கொடுத்துவிட்டு, புது கார்ட்ரிட்ஜ் போட்டு நிரப்புங்கள்.

வருஷத்துல ரெண்டு மாசம்தான் ஓட்டுறேன். ஒவ்வொரு சீசன்லயும் முதல் நாள் ஏதாவது ஒண்ணு ஒட்டிக்குது.

ஓடாமல் கிடப்பதுதான் காரணம். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டி, சூடேறிய பின் எல்லா டிரெயின்களையும் ஊதி, உள்ளே ஈரம் தங்காமல் நிறுத்துங்கள். கடலோரத்தில் ஓட்டியிருந்தால் வெளிப்புறத்தை ஈரத் துணியால் துடைத்து உப்பை எடுங்கள். வால்வு துளைகளுக்குள் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். உள்ளே இழுக்கும் குழாயின் வாயை மூடி வையுங்கள், பூச்சி கூடு கட்டும். எடுத்து ஓட்டும் முன் அந்த மூடியைக் கழற்ற மறக்காமலிருக்க, ஸ்டார்ட்டர் கயிற்றில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவது என் வழக்கம்.

டிரெயின் திறக்கல, பிஎம்வியும் திறக்கல, டவர் மூடியும் சுத்தல. உள்ள பிரஷர் மாட்டிக்கிச்சு. இப்ப என்ன?

ஒன்றையும் அவசரமாகச் செய்யாதீர்கள். கையால் ஊதவைக்கும் வசதி கடைசி சேஃப்டி வால்வில் இருந்தால், துளைக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று அதை மெதுவாகத் திருகி இறக்குங்கள். இரண்டாவது டிரெயின் இருந்தால் அதையும் முயலுங்கள். இவை இரண்டும் முடியவில்லை என்றால் உங்கள் வேலை அங்கே முடிந்தது. எந்தக் குழாய் இணைப்பையும் (யூனியன்) "கால் சுற்று" தளர்த்திக் காற்றை விட முயலாதீர்கள். அந்தக் கால் சுற்றில் மரை பிடிப்பு குறைந்து பாகம் பறக்கலாம். ஊசி போலச் சீறும் காற்று தோலைத் துளைத்து உள்ளே போகலாம். அப்படி நடந்தால் வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

இயந்திரத்தை நிழலில், ஆட்கள் நடமாடாத இடத்தில் வையுங்கள். டவர் மூடி சுவரைப் பார்த்து இருக்கட்டும். "உள்ளே அழுத்தம் இருக்கிறது, தொடாதீர்கள்" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள், தேதியும் நேரமும் போடுங்கள். உயர் அழுத்த இயந்திரங்களில் பயிற்சி பெற்ற ஒருவரை இயந்திரம் இருக்கும் இடத்துக்கே வரச் சொல்லுங்கள். வண்டியில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டாம். வருபவரிடம் எந்த வால்வை எப்போது எவ்வளவு திருகினீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள், சேஃப்டி வால்வு ஸ்க்ரூவை முன்பு எப்போதாவது தொட்டிருந்தால் அதையும் சேர்த்து.